தேசிக்காயில் வடிந்த இரத்தம்

எனக்கு அப்போது பத்து வயது. அக்காவுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்துகொண்டிருந்ததால், மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதியில் எங்கள் அம்மம்மா வீட்டு முற்றத்தில், பேய்பிசாசை விரட்டும் கழிப்புக் கழிக்க ஒருவரை அழைத்துவந்தார்கள். வேப்பிலை, கற்பூரம், உடுக்கைச் சத்தம் எல்லாம் எனக்குப் பழக்கமானவைதான். பழக்கமில்லாதது கடைசியில் நடந்தது. அக்காவின் தலையை மூன்று முறை சுற்றிய தேசிக்காயை அவர் மண்ணில் வைத்தார். மடியிலிருந்த கத்தியை எடுத்து ஒரே வெட்டு. வெட்டுவாயிலிருந்து சிவப்பாக வடிந்தது. சுற்றி நின்ற பெண்கள் ஒரே குரலில் "அம்மாளே" என்றார்கள். அன்று இரவு முழுவதும் நான் அம்மாவின் சேலைத் தலைப்பை விடவில்லை.

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தபோதுதான் அந்த இரத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. செவ்வரத்தம்பூவின் இதழைக் கத்தியில் நன்றாகத் தேய்த்துக் காயவிட்டால், இரும்பின் கருமையில் அந்தக் கறை கண்ணுக்குப் படாது. அந்தப் பூவின் நிறப்பொருள் புளிப்புப் பட்டால் பளிச்சென்று சிவக்கும். தேசிக்காயின் சாற்றில் புளிப்புக்கு என்ன குறை? கத்தி வெட்டுகிறது, சாறு சிவக்கிறது, மிச்சத்தைப் பார்ப்பவரின் மனம் சேர்த்துக்கொள்கிறது.

ஒரு பூவும் ஒரு காயும்தான் செலவு. ஒரு பிள்ளையை விடியும்வரை விழித்திருக்க வைக்க இதைவிட மலிவான வழி இல்லை. குறைந்த பணத்தில் எடுத்த பேய்ப்படங்களில் இரத்தம் எப்படிப் பீறிடுகிறது, தோல் எப்படிக் கிழிகிறது என்று யாராவது கேட்டால், நான் அந்தத் தேசிக்காயிலிருந்துதான் தொடங்குவேன். சென்ற வருடம் கேட்டவன் அந்தக் காய்ச்சல்கார அக்காவின் மகன். பதினெட்டு வயது. கையில் ஒரு கைப்பேசி, தலைக்குள் ஒரு பேய்க்கதை.

சினிமாவில் இல்லாததை இருப்பதாகக் காட்ட இரண்டு வழிகள் உண்டு. படம் பிடித்து முடித்த பிறகு கணினியில் வரைந்து சேர்ப்பது ஒரு வழி. படம் பிடிக்கும்போதே கமராவுக்கு முன்னால் பொருளாகச் செய்து வைப்பது மற்ற வழி. இந்த இரண்டாவதை பிராக்டிகல் எஃபெக்ட்ஸ் என்பார்கள். எனக்குக் கைவித்தை என்று சொல்வதுதான் பிடித்திருக்கிறது. மெழுகில் செய்த காது, இறப்பரில் வார்த்த தோல், மெல்லிய குழாய் வழியே பாயும் சிவப்புப் பாகு, மேசைக்கடியில் ஒளிந்திருப்பவர் நீட்டும் கை எல்லாம் இதில் அடங்கும்.

கைவித்தையின் பலம் அந்தப் பொருள் அங்கே உண்மையாகவே இருப்பதுதான். நடிகரின் கன்னத்தில் விழும் விளக்கொளியே மெழுகுக் காதிலும் விழுகிறது. பாகு சட்டைக்குள் இறங்கும்போது நடிகை அருவருப்பை வரவழைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அது தானாக வரும். 1973இல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' பெரிய செலவில் எடுத்த படம்தான். ஆனாலும் பேய் பிடித்த சிறுமியின் அறை குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக, அறைபோல அமைத்த அரங்கத்தையே உறைநிலைக்குக் கீழே குளிரூட்டினார்கள். நடிகர்களின் வாயிலிருந்து புகைபோல வருவது அவர்களுடைய சொந்த மூச்சு. மட்டக்களப்பில் இதை முயன்று பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் மின்சாரக் கட்டணத்தை நினைத்துக்கொள்ளட்டும்.

பணமில்லாதவர்கள் ஏன் பேய்க்கதையையே தேடிப் போகிறார்கள்? அரசர் கதைக்குக் கோட்டை வேண்டும். போர்க்கதைக்குப் படை வேண்டும். பேய்க்கு ஒரு வீடும் ஓர் இரவும் போதும். அதைவிட, பேய் கண்ணுக்குத் தெரியாதது, சம்பளமும் கேட்காது. தெரியாத ஒன்றைத் திரையில் எப்படிக் காட்டுவது என்ற கேள்விக்கு மிக அழகான பதில் ஒரு மரப்பலகையிலிருந்து வந்தது.

1979இன் கடைசியில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மொரிஸ்டவுன் என்ற ஊருக்கு அருகே, கைவிடப்பட்ட ஒரு மரவீட்டுக்குச் சில இளைஞர்கள் போய்ச் சேர்ந்தார்கள். இயக்குநர் சாம் ரெய்மிக்கு அப்போதுதான் இருபது வயது. முதலில் ஒரு குறும்படம் எடுத்து, அதைத் தெரிந்தவர் அறிந்தவருக்கெல்லாம் போட்டுக்காட்டித்தான் பணம் திரட்டியிருந்தார்கள். 16 மில்லிமீற்றர் படச்சுருளில் கடுங்குளிரில் எடுத்தார்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 3,75,000 டொலர். கேட்கப் பெரிய தொகைதான், ஆனால் அமெரிக்கச் சினிமாவில் அது சில்லறை. 1981இல் வெளியான அந்த 'தி ஈவில் டெட்' படத்தில் காட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று தரையோடு தரையாகப் பாய்ந்து வரும். அந்த ஏதோ ஒன்று எதுவென்று கடைசிவரை யாரும் பார்ப்பதில்லை. நாம் பார்ப்பது அதன் பார்வையை மட்டுமே. நீளமான ஒரு பலகையின் நடுவில் கமராவைப் பொருத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இருவர் ஓடியிருக்கிறார்கள். அவ்வளவுதான் பேய்.

நானும் மருமகனும் கல்லடிக் கடற்கரையில் சவுக்கு மரங்களுக்கு நடுவே இதைச் செய்து பார்த்தோம். ஆறடிச் சட்டப்பலகை ஒன்று, கைப்பேசியைக் கட்ட சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டி. கையில் பிடித்து ஓடினால் ஒவ்வொரு அடிக்கும் படம் குதிக்கும். பலகையில் கட்டி இருவர் தூக்கும்போது அந்தக் குதிப்பு இரண்டு முனைகளுக்கும் பங்கு பிரிந்து, ஒருவித மிதப்பாக மாறுகிறது. பலகையை முழங்காலுக்குக் கீழே பிடிப்பது முக்கியம். அந்த உயரத்திலிருந்து எந்த மனிதரும் உலகைப் பார்ப்பதில்லை என்பது பார்ப்பவரின் உடம்புக்குத் தெரியும். மனத்துக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும். முதல் ஓட்டத்தில் நான் வேர் தடுக்கி விழுந்தேன். மருமகன் அதையும் படத்தில் வைத்துக்கொண்டான். பேய் விழுந்தடித்து எழும்பி வருவதுபோல நன்றாகத்தான் இருக்கிறது.

இனி இரத்தம். இதில் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் வேலை சுலபமாக இருந்தது. 1960இல் வந்த 'சைக்கோ'விலும், 1968இல் ஜோர்ஜ் ரொமேரோ ஏறத்தாழ 1,14,000 டொலரில் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'டிலும் ஓடியது சொக்லேட் பாகு. நிறம் தெரியாதபோது தடிப்பும் பளபளப்பும் மட்டும் சரியாக இருந்தால் போதும். வண்ணம் வந்த பிறகு அமெரிக்கர்கள் சோளத்திலிருந்து எடுக்கும் தெளிந்த பாகில் உணவு நிறமூட்டியைக் கலந்தார்கள். ரெய்மியின் குழுவினர் அதற்குள் கோப்பிக்குப் போடும் கிறீமர்த் தூளையும் சேர்த்தார்கள். அந்தத் தூளில்தான் இரகசியம் இருக்கிறது. சிவப்புச் சாயம் கலந்த பாகு கண்ணாடிபோல ஒளியை உள்ளே விடும். திரையில் அது சர்பத். உண்மையான இரத்தத்தில் கோடிக்கணக்கான செல்கள் மிதப்பதால் ஒளி ஊடுருவாது, கலங்கலாக இருக்கும். கிறீமர் அந்தக் கலங்கலைக் கொடுக்கிறது. நம் குசினியில் அதற்குப் பால்மா இருக்கிறது. ஒரு சிட்டிகை, மிஞ்சினால் இரண்டு. மூன்றாவது சிட்டிகையில் ரோஸ் நிறமாகிவிடும்.

எங்கள் முதல் இரத்தம் சீனிப்பாகு. சோளப்பாகுக்குப் பதில் சீனியைக் காய்ச்சினால் ஆகாதா என்று நினைத்தேன். காய்ச்சும்போது அருமையாக இருந்தது. மருமகனின் நண்பன் ஒருவனைப் பன்பாயில் பிணமாகப் படுக்கவைத்து, கழுத்திலிருந்து முதுகுக்கடி வரை ஊற்றினோம். விளக்குச் சரிசெய்ய அரை மணி நேரம் போயிற்று. அதற்குள் பாகு இறுகத் தொடங்கியது. "எழும்பு" என்றபோது அவனோடு பாயும் சேர்ந்து எழும்பியது. மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதை நாங்கள் விருந்தோம்பலின் பெருமை என்று விளக்குவது வழக்கம். அன்றைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பின்னேரமாவதற்குள் எறும்புகளும் வந்துவிட்டன, சிவப்பெறும்பு. பிணம் துள்ளி எழுந்து கிணற்றடிக்கு ஓடியது.

பிறகு கண்டுபிடித்த கலவை இதுதான். இரண்டு கோப்பைத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சோளமாவைப் பச்சைத் தண்ணீராக இருக்கும்போதே கரைத்து, மெல்லிய தீயில் கிண்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும். கூழ் கண்ணாடிப் பதமானதும் இறக்கி, ஆறிய பின் சிவப்பு நிறமூட்டி, சிட்டிகை பால்மா. கடைசியாக, பலர் விட்டுவிடுகிற ஒன்று: கொஞ்சம் கோப்பித்தூள். கடைச் சிவப்பு எப்போதும் மிட்டாய்ச் சிவப்பு. கோப்பி அதன் துள்ளலை அடக்கும். புதுக் காயமென்றால் கோப்பி குறைவு, நேற்றைய காயமென்றால் கூட. இரத்தம் காற்றுப்பட்டு நேரம் போகப் போகப் பழுப்பாகும் என்பதை மீன் வெட்டிய பலகையைக் கழுவாமல் வைத்துப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கூழ் இரண்டாம் நாள் புளித்துவிடும், ஆகையால் அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். நிலாவெளிச்சம் காட்ட நீல விளக்குப் போட்டால் சிவப்பெல்லாம் கறுப்பாகத் தெரியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்சிக்கு மட்டும் கோப்பியே வேண்டாம்.

ஆலாத்தித் தண்ணீரை ஏன் பயன்படுத்தக்கூடாது என்று மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் எந்த இரசாயனப் புத்தகமும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். தட்டில், தரையில், சுவரில் தெளிக்க அது நல்ல இரத்தம். முகத்தில் வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் நடிப்புக்குத் தேவையில்லாத உண்மையான அலறல் வரும்.

இரத்தத்துக்கு அடுத்தது காயம். எவ்வளவு பெரிய காயம் வைப்பது என்றுதான் எல்லோரும் முதலில் யோசிக்கிறார்கள். திருவிழாவில் முள்ளுக்காவடி எடுத்தவரின் முதுகைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? இரத்தம் அநேகமாக இருக்காது. ஆனால் கயிற்றை இழுக்கும்போது முள் மாட்டிய இடத்தில் தோல் கூடாரம்போல எழும்பும். அந்த ஒரு விரல் அகலத் தோலைப் பார்த்துத்தான் பக்கத்தில் நிற்பவர் தன் முதுகைத் தடவிக்கொள்கிறார். 'தி ஈவில் டெட்'டில் தலை பறக்கிறது, கைகால்கள் துண்டாகின்றன. என்றாலும் பார்த்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வது கணுக்காலில் பென்சில் குத்தும் காட்சியை. தலை போவது எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியாது. பென்சில் குத்துவது தெரியும். காலில் ஆணி ஏறாத பிள்ளை உண்டா? ஆகவே பணம் குறைந்தவர்களுக்கு என் அபிப்பிராயம்: வெட்டுப்பட்ட தலையை விட்டுவிட்டு, பெயர்ந்து வரும் நகத்தைச் செய்யுங்கள்.

தோல் செய்ய வெளிநாட்டு வீடியோக்களில் ஜெலட்டினைச் சொல்வார்கள். குளிர்நாட்டில் அது அற்புதமான பொருள், தோல்போலவே நெகிழும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது மட்டக்களப்பில் அதை ஒட்டிப் பாருங்கள். (கடலையைச் சொல்லவில்லை, நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர்.) மருமகனின் கன்னத்தில் ஒட்டிய காயம் பத்து நிமிடத்தில் தாடைக்கு இறங்கி, பிறகு சட்டைக்குள் போய்விட்டது. உடற்சூட்டுக்கே இளகக்கூடிய பொருள் அது. நம் வெயிலுக்கு இறப்பர் பால்தான் சரி. ஒற்றை அடுக்காகப் பிரித்த திசுத்தாளைத் தோலில் வைத்து, மேலே இறப்பர் பாலைத் தடவி, காய்ந்ததும் இன்னொரு படை. மூன்று படைக்குப் பிறகு நடுவில் கிள்ளிக் கிழித்தால் விளிம்பு பிரிந்த காயம் தயார். உள்ளே கருஞ்சிவப்பு, ஓரத்தில் இளஞ்சிவப்பு. இறப்பர் பாலில் அமோனியா கலந்திருக்கும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும். முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிடுங்கள். புருவத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உரிக்கும்போது புருவமும் கூட வரும். கண்ணுக்கு வெள்ளை லென்ஸ் போடும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ரெய்மியின் நடிகர்கள் போட்ட தடித்த லென்ஸில் அவர்களுக்குக் கண்ணே தெரியவில்லை, சிறிது நேரத்துக்கு மேல் போட்டிருக்கவும் முடியவில்லை. மலிவு லென்ஸ் கண்ணைக் கெடுக்கும். தரையில் கிடக்கும் கண்ணுக்கு நுங்கு இருக்கிறது. ஒரு நுங்கை உரித்து நடுவில் கறுப்புப் பொட்டு வைத்தால் போதும்.

உடம்பைத் துளைக்கும் காட்சிகளின் சூத்திரம் மிக எளியது: பாதி உண்மை உடம்பு, பாதி பொய் உடம்பு, இரண்டும் சேரும் இடத்தை மறைக்க ஏதாவது ஒன்று. 1980இல் வந்த 'ஃபிரைடே த 13த்' பேய்ப்படம் இல்லை, ஆனாலும் இதற்கு நல்ல பாடம். கட்டிலில் படுத்திருக்கும் இளைஞனின் தொண்டையைக் கீழிருந்து ஓர் அம்பு துளைத்து வரும். நடிகர் கட்டிலுக்குக் கீழே ஒடுங்கியிருந்து, ஓட்டை வழியாகத் தலையை மட்டும் மேலே நீட்டியிருந்தார். கழுத்தும் மார்பும் போலி. அம்பு வந்த நேரம் பார்த்து இரத்தம் பாய்ச்சும் குழாய் கழன்றுவிட்டது. கீழே இருந்த உதவியாளர் குழாயை வாயில் வைத்து ஊதினார். குமிழிகளோடு கொப்பளித்த அந்த இரத்தம் திட்டமிட்டதைவிட நன்றாக அமைந்தது. நீங்கள் மருந்துக்கடையில் சேலைன் குழாயும் பெரிய ஊசிக்குழலும் வாங்கினால் இதே வேலை நடக்கும். இணைப்பை மறைக்கச் சட்டைக் கொலர், தலைமுடி, மாலை எதுவும் உதவும். எதுவும் இல்லாவிட்டால் இரத்தமே மறைக்கும்.

சத்தத்தைக் கடைசியில் தனியாகப் பதிந்து சேர்க்கலாம். 'சைக்கோ'வின் கத்திக்குத்துச் சத்தம் முலாம்பழ வகை ஒன்றைக் குத்தி எடுத்தது. நமக்கு வெடித்த வெள்ளரிப்பழம் இருக்கிறது. எலும்பு முறிய வாவி நண்டின் கால் போதும். பதிவு முடிந்த பின் கறியும் வைக்கலாம்.

அம்பு தைத்த அந்தக் கழுத்தைச் செய்தவர் டொம் சவினி. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் புகைப்படக்காரராக இருந்தவர். அங்கே பார்த்தவை தன் வேலைக்குள் வந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உண்மையான காயத்தைப் பார்த்த ஒருவர் பொய்க் காயம் செய்து வாழ்வது விநோதமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட ஊர் எங்களுடையது. இங்கே நடுவயது தாண்டியவர்களுக்கு இரத்தம் எப்படி இருக்கும் என்று கற்பிக்கத் தேவையில்லை. ஒரு நாள் மருமகன் சட்டை முழுக்கச் சிவப்போடு வேலியோரம் இளைப்பாறிக்கொண்டிருந்தான். பக்கத்து வளவில் இருந்து பார்த்த பெரியம்மா தண்ணீர்ச் செம்பை அப்படியே போட்டுவிட்டு, கிடுகு வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தார். அவன் சிரித்துக்கொண்டு எழுந்து நின்ற பிறகும் அவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. எங்கள் திண்ணையில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து படம் பிடிக்கும் நாளில் சுற்றியுள்ள ஐந்து வீடுகளுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறோம். தெருவில் எடுப்பதில்லை. துப்பாக்கி, சீருடை எதையும் கதைக்குள் விடுவதில்லை. பேய்ப்படத்தில் இரத்தம் மிதமிஞ்சிப் பாய்வது நல்லது என்றும் அன்றுதான் நினைத்தேன். வாளிவாளியாகச் சுவரில் அடித்தால், அது கூத்தில் வரும் அரக்கனின் உடுப்பைப்போல வேடம் என்று யாருக்கும் புரியும். வேலியோரத்துச் சிறிய கறைதான் பெரியம்மாவை ஓடிவர வைத்தது.

மருமகனின் குறும்படத்தில் கடைசிக் காட்சி ஒரு கழிப்பு. தேசிக்காயிலிருந்து இரத்தம் வடிவதைக் கணினியில் சேர்த்துவிடலாம் என்றான். நான் விடவில்லை. வயது எழுபதைத் தாண்டிய அம்மா, முற்றத்துச் செடியிலிருந்து ஆறு செவ்வரத்தம்பூக்களை அவரே பறித்துத் தந்தார். அவருக்கு முன்னாலேயே கத்தியில் தேய்த்தேன். ஏன் சிவக்கிறது என்பதையும் அவருக்குச் சொன்னேன். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டார். இரண்டாவது முறை எடுத்ததே சரியாக வந்தது. கமராவை நிறுத்திவிட்டு, வெட்டிய பாதிகளைக் குப்பைக் கூடைக்குள் போடப் போனான் மருமகன்.

"அதைத் தொடாதே மகன்" என்றார் அம்மா. ஒரு வாழையிலைத் துண்டில் இரண்டு பாதிகளையும் தள்ளி எடுத்து அவனிடம் கொடுத்தார். "நாற்சந்தியில் போட்டுவிட்டு வா. திரும்பிப் பார்க்காதே. மிதித்துவிடவும் கூடாது."

அவன் என்னைப் பார்த்தான். "அம்மம்மா சொல்கிறார், போ" என்றேன்.